அகப்பைத் தண்ணீர்

ஆண்கள் எல்லாரும் லொஃபோத்தனுக்கு மீன்பிடிக்கப் போயிருந்தார்கள்.
நொண்டிக்காலன் என்று என்னை விட்டுப்போனார்கள்,
நான்கு பசு, ஒரு பெட்டைக் குதிரை,
நிறைமாதமாய் பெர்ன்டீனே.
ஜனவரி. எங்கள் தீவுக்குச் சூரியன் வராத மாதம்.
மருத்துவச்சி அக்கரையில்;
நடுவில் கடல் எழுந்து நின்றது.

வேலைக்காரச் சிறுமி ஓலியானா
லாயத்துக்கு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.
பிள்ளை நீலமாய்க் கிடந்தது.
அழவில்லை.
"எடியாஸ், நீ ஊற்று" என்றாள் பெர்ன்டீனே.
அவ்வளவுதான். கண் செருகிவிட்டது.

நானா?
பதினோரு வருடம் திருவிருந்துக்கு முழங்கால் மடக்காதவன்.
ஞாயிற்றுக்கிழமை அவள் தடித்த பிரசங்கப் புத்தகத்தை விரித்து
வீட்டாருக்கு வாசிக்கும்போது
கதவுக்கு வெளியே உட்கார்ந்து வலை பின்னுகிறவன்.
ஆனால் அந்தக் கதவில் ஒரு விரிசல்.
குழம்பு வாசனை வருகிற வழியில்
சொற்களும் வந்துகொண்டிருந்தன,
வருடக்கணக்கில்,
என்னைக் கேட்காமல்.

கெண்டியிலிருந்து அகப்பையில் மொண்டேன்.
சூடு அதிகமா என்று விரல் விட்டுப் பார்த்தேன்,
கன்றுக்குப் பார்ப்பதுபோல.
மூன்று முறை ஊற்ற வேண்டும், மூன்று நாமமும் சொல்ல வேண்டும்:
அது தெரியும்.
அதற்கு முன்னால் பிள்ளையின் பெயர்:
அது தெரியாது.
தாய்க்கு நினைவில்லை. ஓலியானா விக்குகிறாள்.
தலைக்குள் துழாவினேன். ஒரே ஒரு பெண்பெயர் நின்றது.
"பெர்லா" என்றேன்.

மூன்றாவது தண்ணீரில் தும்மினாள்.

ஈஸ்டர் கழிந்து போதகர் விங்கே படகில் வந்தார்.
அடுக்களை மேசையில் பேரேட்டைத் திறந்து கேட்டார்:
யார் ஊற்றியது?
எதை ஊற்றியது?
என்ன சொல்லி ஊற்றியது?

நான்தான், ஐயா. கெண்டித் தண்ணீர்.
சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
சொல்லும்போது நம்பினாயா என்று நாலாவதாய்க் கேட்டுவிடாதீர்கள்.

அவர் கேட்கவில்லை.

"இன்னொரு தடவை நீங்களே ஊற்றிவிடுங்கள்.
உங்கள் கை சுத்தம். என் கையில் லாயத்து நாற்றம்."
பேனா முனையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"தபால்காரன் குடித்திருந்தால் கடிதம் பொய்யாகுமா, எடியாஸ்?
அனுப்பியவர் யார்? அதைப் பார்."
அப்புறம் எழுதினார். பிள்ளையின் பெயருக்கு எதிரே
என் பெயரும் ஏறியது, கொஞ்சம் மை சிந்தி.

"பெர்லா," வாய்விட்டு வாசித்தார்.
"முத்து. அழகான பெயர்.
ஒரு முத்துக்காக உள்ளதெல்லாம் விற்றானே வியாபாரி, அந்த முத்து."
வீட்டுக்காரன் ஹாகன் என்னைப் பார்த்தான்.
லாயத்தில் யார் நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரியும்.
காபியை ஊதினான்.

ஊர் சும்மா இருக்குமா.
ஒன்பது வயதில் லாயத்துக்கு வந்து நின்றாள்,
இடுப்பில் கை வைத்து.
"என் பெயர் குதிரையுடையதாமே?"
"அவளுக்கு இரவல்," என்றேன். "உனக்குத்தான் எழுதிக் கொடுத்தது."
யோசித்தாள்.
பிறகு தன் ரொட்டியில் பாதியைப் பிட்டு
கிழப் பெர்லாவுக்கு நீட்டினாள்.
குதிரை முழுதையும் எடுத்துக்கொண்டது.

போன ஞாயிறு அவளுக்குத் திடப்படுத்தல்.
கோயில் நடுவழியில் இரண்டு வரிசை,
பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.
விங்கேயின் தலை இப்போது பஞ்சு.
வரிசையில் நடந்து வந்து அவள் முன் நின்று
ஞானஸ்நானத்தில் தண்ணீருக்கு என்ன வேலை என்று கேட்டார்.
பையன்களில் எவனோ கனைத்தான், குதிரைபோல.
அவள் திரும்பவில்லை.
நிறுத்தாமல், தடுமாறாமல் சொன்னாள்,
தண்ணீரைப் பற்றியும்
தண்ணீரோடு வரும் வார்த்தையைப் பற்றியும்.

கடைசி பெஞ்சில் நான்.
தொப்பி மடியில்.
வரும் ஞாயிறு இவர்கள் பலிபீடத்தண்டை போவார்கள்.
பெர்ன்டீனே ஒன்றும் கேட்கவில்லை,
என் கறுப்புக் கோட்டை மட்டும் எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள்.

யாரும் பார்க்காதபோது
உள்ளங்கையை மோந்து பார்த்தேன்.

இன்னும் குதிரைதான்.